தலையில் ஓடும் வேலை

மத்திய அரசின் புள்ளியியல் அலுவலகம் 2019-லும் 2024-லும் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில் நாள் நள்ளிரவில் தொடங்குவதில்லை. விடியற்காலை 4 மணிக்குத் தொடங்கி மறுநாள் 4 மணிக்கு முடிகிறது. இடையில் அரைமணிக்கு ஒன்றாக 48 கட்டங்கள். கணக்கெடுப்பாளர் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து, "நேத்து காலையில நாலு மணிக்கு என்ன பண்ணிட்டு இருந்தீங்க? நாலரைக்கு?" என்று கேட்டுக் கேட்டு நிரப்புவார். ஆறு வயது நிரம்பிய எல்லாருக்கும் தனித்தனிக் கணக்கு. 2024-ல் இப்படிச் சுமார் 1.39 லட்சம் வீடுகளில் 4.5 லட்சம் பேரின் ஒரு நாள் பதிவாகியிருக்கிறது.

மாலை ஆறரை மணிக் கட்டத்தை எடுத்துக்கொள்வோம். அடுப்பில் குழம்பு கொதிக்கிறது. சமையலறை வாசலில் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கும் பையன் பின்னக் கணக்கில் மாட்டிக்கொண்டு, "அம்மா, கீழ இருக்கிறதையும் கூட்டணுமா?" என்கிறான். ஹாலில் சீரியல் ஓடுகிறது. கரண்டியோடு அம்மா நடுநடுவே எட்டிப் பார்க்கிறார். மாமியாருக்கு ஏழு மணி மாத்திரை நினைவில் நிற்கிறது. நாளைக்கு அரைக்க அரிசி ஊறப்போட்டோமா என்ற சந்தேகமும் கூடவே. கணக்கெடுப்புத் தாளில் ஒரு கட்டத்துக்குள் மூன்று செயல்கள் வரை எழுதலாம். சமையல், பிள்ளைக்குப் பாடம், தொலைக்காட்சி என்று எழுதிவிடலாம். மாத்திரையையும் அரிசியையும் எங்கே எழுதுவது? அவை கை செய்த வேலை அல்ல, தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கும் வேலை. அதற்கு அந்தத் தாளில் கட்டம் கிடையாது.

சொந்த நேரத்தைப் பற்றிப் பேசும் புத்தகங்கள் பெரும்பாலும் கடிகாரத்தை வைத்துத்தான் பேசுகின்றன. காலையில் ஒரு மணி நேரம் முன்னால் எழுந்திரு, பயண நேரத்தில் பாடம் கேள், வேலைகளை நிமிடக்கணக்கில் பிரித்து வை. கடந்த இருபது முப்பது ஆண்டுகளின் உளவியல் ஆய்வுகளைப் படிக்கும்போது எனக்குத் தோன்றுவது வேறு. கடிகாரம் காட்டும் ஓய்வு ஒன்று, மூளை அனுபவிக்கும் ஓய்வு இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் நிற்பது பொறுப்பு.

கடிகாரக் கணக்கு எவ்வளவு தப்பும் என்பதற்குப் பொருளாதார மேதை கெய்ன்ஸே சாட்சி. நூறு ஆண்டுகளில் மனிதர்கள் வாரத்துக்கு 15 மணி நேரம் உழைத்தாலே போதும் என்ற நிலை வரும் என்று 1930-ல் எழுதினார். அந்தக் கெடு 2030. இந்தியத் தொழிலாளர் சட்டத்தின் வாரம் இன்னும் 48 மணி நேரம்தான். வீட்டுக்குள் நடந்தது இதைவிட வேடிக்கை. அமெரிக்காவில் முழுநேரம் வீட்டைக் கவனித்துக்கொண்ட பெண்களின் உழைப்பை ஜோன் வானெக் என்ற ஆய்வாளர் ஒப்பிட்டார். 1920-களில் வாரத்துக்குச் சுமார் 52 மணி நேரம். சலவை இயந்திரம், குளிர்பதனப் பெட்டி, வாக்வம் கிளீனர் எல்லாம் வீட்டுக்குள் வந்துவிட்ட 1960-களில் சுமார் 55! குறையவே இல்லை. துணி துவைப்பது எளிதானதும் அடிக்கடி துவைக்க வேண்டியதாயிற்று. சுத்தம் என்பதன் அளவுகோல் உயர்ந்தது. வெளியாட்கள் செய்த வேலைகள் வீட்டுக்காரியின் தலையில் வந்து சேர்ந்தன.

நம் ஊரில் கிரைண்டர் கதையும் இதுதான். ஆட்டுக்கல்லில் குனிந்து மாவாட்டிய காலத்தில் பல கிராமத்து வீடுகளில் இட்லி, தோசை என்பது தீபாவளி, பொங்கல் பலகாரம். கிரைண்டர் வந்து முதுகுவலியைக் குறைத்தது உண்மை. கூடவே இட்லியைத் தினப்படி ஆக்கியது. ஊறவைப்பது, அரைப்பது, கரைத்து வைப்பது, பொங்கி வழியாமல் பார்ப்பது, தீர்வதற்குள் மறுபடி ஊறவைப்பது என்று வாரம் முழுக்க ஓடும் ஒரு சுற்று உருவாகிவிட்டது. மிச்சமான நேரத்தை உயர்ந்த எதிர்பார்ப்பு விழுங்கிவிட்டது.

சரி, ஒருவருக்கு எவ்வளவு ஓய்வு நேரம் இருந்தால் நல்லது? மரிசா ஷெரிஃப், கேஸி ஹோம்ஸ், ஹால் ஹெர்ஷ்ஃபீல்ட் மூவரும் 2021-ல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தேடியது. 21,736 அமெரிக்கர்களின் நேரக் குறிப்புகளை அலசினார்கள். ஓய்வு நேரம் கூடக்கூட மனநிறைவும் கூடியது. நாளுக்கு இரண்டு மணி நேரம் வாக்கில் அந்த ஏற்றம் நின்றது. ஐந்து மணி நேரத்தைத் தாண்டியதும் இறங்கத் தொடங்கியது. எல்லாரும் மேற்கோள் காட்டுவது இதுவரைதான். ஆனால் சுவாரசியமான பகுதி இதற்கு அப்பால் இருக்கிறது. நிறைய நேரம் இருந்தும், அதை நாலு பேரோடு சேர்ந்தோ பயனுள்ளதாகத் தோன்றும் ஏதாவது ஒன்றிலோ கழிப்பதாக இருந்தால் அந்த இறக்கம் காணப்படவில்லை. ஓய்வுபெற்ற முதல் மாதமே வீட்டில் எல்லாரையும் நச்சரிக்கத் தொடங்கும் பெரியவரையும், கோயில் திருப்பணிக் கமிட்டியில் சேர்ந்து வாலிபனைப் போல அலையும் பெரியவரையும் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. அமெரிக்கர்களின் இரண்டு மணி நேரம் நமக்கும் அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. போதாமையும் தொல்லை, திகட்டலும் தொல்லை என்ற வடிவம்தான் முக்கியம்.

அளவை விட்டுத் தன்மைக்கு வருவோம். ஜெர்மானிய உளவியலாளர் ஜபீனா சோனென்டாக் வேலை முடிந்தபின் மனிதர்கள் எப்படித் தேறுகிறார்கள் என்பதையே வாழ்நாள் ஆய்வாகக் கொண்டவர். 2007-ல் சார்லட் ஃப்ரிட்ஸுடன் சேர்ந்து ஓய்வின் நான்கு அனுபவங்களைப் பிரித்துக் காட்டினார்: மனம் வேலையிலிருந்து விலகுவது, உடல் தளர்வது, புதிதாக ஒன்றில் தேர்ச்சி பெறுவது, இந்த நேரம் என் கையில் இருக்கிறது என்ற உணர்வு. இவற்றில் முதலாவதுதான் ஆணிவேர் என்பது என் வாசிப்பு. சோபாவில் சாய்ந்திருப்பவர் மேலதிகாரி கேட்ட கேள்விக்கு மனதுக்குள் பதில் சொல்லிக்கொண்டிருந்தால், உடல் வீட்டிலும் நரம்புகள் அலுவலகத்திலும் இருக்கின்றன. வேலையின் இறுக்கம் தணிய வேண்டுமானால் வேலை தரும் நெருக்குதல் முழுவதுமாக நிற்க வேண்டும். நினைப்பில் அது தொடர்ந்தாலும் உடலுக்கு அது தொடர்ச்சிதான்.

சோனென்டாக் சுட்டிக்காட்டும் முரண் ஒன்று உண்டு. யாருக்கு வேலைப் பளு அதிகமோ அவருக்குத்தான் ஓய்வு அதிகம் தேவை. ஆனால் மனம் விலக முடியாமல் தவிப்பவரும், உடற்பயிற்சியை விட்டுவிடுபவரும் அவரேதான். களைப்பு அளவு மீறும்போது, களைப்பைப் போக்கும் காரியத்தைத் தொடங்கும் தெம்புகூட இருப்பதில்லை.

மனம் ஏன் விலக மறுக்கிறது? 1920-களில் பெர்லினில் இரண்டு பெண்கள் இதை ஆராய்ந்தார்கள். முடித்த வேலையைவிடப் பாதியில் விட்ட வேலை நன்றாக நினைவில் நிற்கிறது என்றார் ப்ளூமா ஸைகார்னிக், 1927-ல். பாட நூல்களில் இடம்பெற்ற புகழ்பெற்ற கண்டுபிடிப்பு. ஆனால் பிறகு செய்துபார்த்தவர்களுக்கு அந்த நினைவாற்றல் விளைவு எப்போதும் கிட்டவில்லை. அவருடைய சகா மரியா ஓவ்சியாங்கினா கண்டது அதிகம் பேசப்படாதது, ஆனால் உறுதியாக நிற்பது: பாதியில் நிறுத்தப்பட்டவர்கள், யாரும் சொல்லாமலேயே, பரிசு எதுவும் இல்லாமலேயே, அந்த வேலைக்குத் திரும்பிப் போகிறார்கள். முடியாத காரியம் ஆளை இழுக்கிறது. ராத்திரி பத்து மணிக்கு லேப்டாப்பைத் திறந்து "ஒரே ஒரு மெயில்" பார்ப்பவரிடம் இருப்பது அந்த இழுப்புதான்.

நல்ல செய்தி, இழுப்பை அடக்க வேலையை முடித்தே ஆக வேண்டும் என்பதில்லை. எப்போது, எப்படி முடிப்பது என்று திட்டவட்டமாகத் தீர்மானித்துவிட்டால் போதும். மூளை பிடியைத் தளர்த்திவிடுகிறது என்று மாசிகாம்போவும் பாமைஸ்டரும் 2011-ல் காட்டினார்கள். அமெரிக்காவின் பெய்லர் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்கலின் இதைப் படுக்கைக்கே கொண்டுபோனார். 57 இளைஞர்களைத் தூக்க ஆய்வகத்தில் படுக்க வைத்தார். விளக்கை அணைக்குமுன் ஐந்து நிமிடம் ஒரு பாதிப் பேர் வரும் நாட்களில் செய்ய வேண்டிய வேலைகளை எழுதினார்கள். மறுபாதி செய்து முடித்தவற்றை எழுதினார்கள். செய்ய வேண்டியதை எழுதியவர்கள் சராசரியாக 9 நிமிடம் முன்னதாகத் தூங்கிவிட்டார்கள். பட்டியல் எவ்வளவு விவரமாக இருந்ததோ அவ்வளவு சீக்கிரம் தூக்கம். "ரிப்போர்ட் முடிக்கணும்" என்று எழுதுவதைவிட "காலை பத்து மணிக்கு மூன்றாம் பக்கத்து அட்டவணையைச் சரிசெய்து அக்கவுண்ட்ஸுக்கு அனுப்பணும்" என்று எழுதுவது மேல். சிறிய ஆய்வுதான். ஆனால் செலவு ஒரு துண்டுக் காகிதம். செய்து பார்ப்பதில் நட்டம் இல்லை. என்னைக் கேட்டால், இதை அலுவலகத்தை விட்டுக் கிளம்பும் முன்பே, நாற்காலியில் இருக்கும்போதே செய்துவிடுவது உத்தமம்.

ஆனால் பட்டியல் எழுதிவிட்டுக் கிளம்பியவரைக் கைப்பேசி விடாது. வேலை நேரத்துக்குப் பின் எத்தனை மெயில் வந்தது என்பதைவிட, வந்தால் பார்த்தாக வேண்டும் என்ற எதிர்பார்ப்பே பதற்றத்தைத் தருகிறது. அது ஊழியரோடு நிற்காமல் வாழ்க்கைத் துணையையும் தொற்றுகிறது என்று வர்ஜீனியா டெக்கின் வில்லியம் பெக்கர் குழு 2018-ல் தெரிவித்தது. ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் ஒன்பது மணிக்கு மேல் ஒன்றுமே வராத நாளிலும் கை கைப்பேசியைத் திருப்பிப் பார்ப்பது அதனால்தான். பிரான்சில் 50 பேருக்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்கள் வேலை நேரத்துக்குப் பின் தொடர்பைத் துண்டிக்கும் உரிமையைப் பற்றி ஊழியர்களோடு பேசி முடிவெடுக்க வேண்டும் என்ற சட்டம் 2017 ஜனவரி முதல் நடப்பில் இருக்கிறது. இந்திய நாடாளுமன்றத்தில் இதே நோக்கத்தோடு 2018 இறுதியில் சுப்ரியா சுலே ஒரு தனிநபர் மசோதாவைக் கொண்டுவந்தார். தனிநபர் மசோதாக்களின் வழக்கமான கதி அதற்கும் நேர்ந்தது; அது சட்டமாகவில்லை.

சட்டத்தின் பங்கைக் குறைத்துப் பேசுவதும் சரியல்ல. இந்தியாவின் முதல் மே தினத்தைச் சிங்காரவேலர் 1923-ல் சென்னையில் கொண்டாடினார். சரியாக நூறு ஆண்டு கழித்து, 2023 ஏப்ரலில், 12 மணி நேர வேலைக்கு இடம்தரும் தொழிற்சாலைச் சட்டத் திருத்தம் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் கொதித்தெழ, அதைத் திரும்பப் பெறுவதாக மே முதல் தேதி முதல்வர் அறிவித்தார். சொந்த நேரத்தை எப்படிச் செலவிடுவது என்று அறிவுரை சொல்வதற்கு முன்னால், அது இருந்தாக வேண்டும்.

இருக்கும் நேரமும் முழுதாக இருக்க வேண்டும். ஐந்நூறு ரூபாய்த் தாளாகக் கையில் இருந்தால் ஏதாவது வாங்கலாம். அதே தொகை ஒரு ரூபாய் நாணயங்களாகச் சட்டைப் பை, அலமாரி, கார் சீட்டின் இடுக்கு என்று சிதறிக் கிடந்தால் ஒன்றும் வாங்க முடியாது. பிரிஜிட் ஷூல்ட் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் இந்தச் சிதறலைத்தான் பெண்களின் ஓய்வு நேரத்தில் கண்டார். ஆறு நிமிடம் இங்கே, பத்து நிமிடம் அங்கே. கூட்டினால் கணிசமாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு காரியத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது கவனத்தின் ஒரு பகுதி பழைய காரியத்திலேயே ஒட்டிக்கொண்டு பின்தங்கிவிடுகிறது என்று 2009-ல் சோஃபி லெராய் காட்டினார். ஆறு நிமிட ஓய்வில் இந்தப் பின்தங்கல் போக என்ன மிஞ்சும்? ரீல்ஸ் பார்க்கும் அளவுக்குத்தான் மிஞ்சும். கணினித் திரையில் மனிதர்களின் கவனத்தை அளந்துவரும் குளோரியா மார்க், 2004-ல் ஒரு திரையில் சராசரியாக இரண்டரை நிமிடம் நிலைத்த கவனம் அண்மை ஆண்டுகளில் 47 விநாடிக்கு வந்திருக்கிறது என்கிறார். நாமே நம் முழு நோட்டைச் சில்லறையாக மாற்றிக்கொள்கிறோம்.

பகலில் கிடைக்காததை இரவில் திருடுகிறோம். தடுக்க வெளிக்காரணம் ஏதுமின்றியே படுக்கப் போவதைத் தள்ளிப்போடும் பழக்கத்தை 2014-ல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தின் ஃப்ளோர் க்ரூசே ஆய்வுக்கு எடுத்தார். காலை ஒன்பது முதல் இரவு ஒன்பது வரை, வாரம் ஆறு நாள் உழைத்த சீன இளைஞர்கள் பின்னாளில் அதைப் பழிவாங்கும் கண்விழிப்பு என்றார்கள். யாரைப் பழிவாங்குகிறோம் என்பதுதான் பிரச்சினை. மறுநாள் காலை அலாரம் நம்மைத்தான் எழுப்புகிறது. இருந்தாலும் இதைச் சோம்பலாகவோ ஒழுக்கக்கேடாகவோ பேச எனக்கு மனமில்லை. சோனென்டாக்கின் நான்காவது அனுபவமான, நேரம் என் கையில் என்ற உணர்வு அந்த நள்ளிரவு ஒரு மணிக்குத்தான் பலருக்குக் கிடைக்கிறது.

அப்படியானால் ஓய்வையும் காலண்டரில் குறித்து வைத்துக்கொள்ளலாமே? இங்கே ஒரு சிக்கல். திரைப்படமோ நண்பரோடு காபியோ, அதற்கு இன்ன மணி என்று குறித்த மாத்திரத்தில் அது வேலையைப் போல உணரப்படத் தொடங்குகிறது, இன்பம் குறைகிறது என்று கேப்ரியேலா டோனியெட்டோவும் செலின் மல்கோச்சும் 2016-ல் கண்டார்கள். "சனிக்கிழமை சாயங்காலம் வாக்குல சந்திப்போம்" என்று தளர்வாகச் சொல்லிவைத்தால் அந்தக் கெடுதல் இல்லை. முன்னறிவிப்பில்லாமல் வீட்டுக்கு வந்து "சும்மா வந்தேன்" என்று உட்கார்ந்த அந்தக் காலத்து விருந்தாளி சமையல் செய்தவரைப் படுத்தியிருப்பார். ஆனால் அரட்டையின் ருசிக்கு அவர் ஆகாதவர் அல்ல.

எதைச் செய்வது என்பதில் ஆராய்ச்சி ஓரளவு தெளிவாகவே பேசுகிறது. மிஹாய் சிக்சென்ட்மிஹாயி 1980-களில் தொழிலாளர்களிடம் பேஜரைக் கொடுத்து, அது ஒலிக்கும்போதெல்லாம் என்ன செய்கிறீர்கள், எப்படி உணர்கிறீர்கள் என்று எழுதச் சொன்னார். ஆழ்ந்து ஈடுபட்ட தருணங்கள் ஓய்வைவிட வேலையில்தான் அதிகம் வந்தன. ஆனாலும் வேலையில் இருக்கும்போதெல்லாம் வேறு எங்காவது இருக்கலாமே என்றுதான் அவர்கள் எழுதினார்கள். வேலைக்கு ஒரு இலக்கு உண்டு, விதி உண்டு, சரியா தவறா என்று உடனே தெரிந்துவிடும். சும்மா இருக்கும் மாலைக்கு இவை எதுவும் இல்லை. மிருதங்கத்தில் ஒரு ஜதி கைவருவது, கேரம் போர்டில் ரெட்டைப் போடுவது, மாடியில் வைத்த கத்தரிச் செடி பிஞ்சு விடுவது இவற்றுக்கெல்லாம் உண்டு. தொடங்கும்போது ஒரு பத்து நிமிடச் சுணக்கத்தைத் தாண்ட வேண்டும், அவ்வளவுதான். தொலைக்காட்சிக்கு அந்தச் சுணக்கம் இல்லை; அதன் வெற்றி ரகசியமும் அதுதான்.

இத்தனையும் சொன்ன பிறகு ஒரு எண்ணைப் பார்க்க வேண்டும். 2024 கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்டவர்களில் பெண்கள் நாளுக்குச் சராசரியாக 289 நிமிடமும் ஆண்கள் 88 நிமிடமும் செலவிட்டார்கள். ஈடுபட்டவர்களின் சராசரி இது. 2019 கணக்கில் ஆண்களில் சுமார் கால் பங்கினர்தான் அந்த வேலையில் கையே வைத்திருக்கிறார்கள். பெண்களில் ஐந்தில் நால்வர். மிருதங்கமும் கேரமும் யாருக்கு வாய்க்கும் என்பதை இந்த எண்கள் முன்கூட்டியே தீர்மானித்துவிடுகின்றன.

காசு கொடுத்து நேரத்தை வாங்கலாம் என்பது ஒரு வழி. ஆஷ்லி வில்லன்ஸ் குழு 2017-ல் நான்கு நாடுகளில் 6,000-க்கும் மேற்பட்டவர்களிடம் விசாரித்ததில், நேரத்தை மிச்சப்படுத்தும் சேவைக்குச் செலவழித்தவர்களின் வாழ்க்கை நிறைவு கூடுதலாக இருந்தது. நம் நகரங்களில் அந்தச் சேவை என்பது இன்னொரு பெண். அடுக்குமாடியில் நாலு வீட்டுப் பாத்திரம் தேய்த்துவிட்டுப் போகிறவருக்கு அவர் வீட்டுச் சமையலறையில் நேரம் விற்க ஆளில்லை. இதில் எனக்குப் பிடித்த விதிவிலக்கு, 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம். பிள்ளைகளின் பசிக்காகவும் வருகைக்காகவும் வந்த திட்டம்தான். ஆனால் விடிகாலையில் கூலி வேலைக்குக் கிளம்பும் ஒரு தாய்க்கு அது சமைக்கும் நேரத்தை மட்டும் மிச்சம் பிடிக்கவில்லை. ரவை இருக்கிறதா, பிள்ளை சாப்பிட்டானா என்ற நினைப்பையும் சேர்த்துத் தலையிலிருந்து இறக்கியது.

வீட்டுக்குள்ளும் செய்ய வேண்டியது அதுவே. அலிசன் டாமிங்கர் 2019-ல் 35 தம்பதிகளிடம் விரிவாகப் பேசி, வீட்டு நிர்வாகத்தின் மூளை உழைப்பை நான்காகப் பிரித்தார்: தேவையை முன்கூட்டியே உணர்வது, வழிகளைத் தேடுவது, முடிவெடுப்பது, நடந்ததா என்று கண்காணிப்பது. முடிவெடுக்கும்போது கணவர்களும் கலந்துகொண்டார்கள். முதலும் கடைசியும் பெரும்பாலும் மனைவிகளிடமே தங்கின. ஆறரை மணிக் கட்டத்தில் எழுத முடியாமல் போனவை இவைதான். "என்ன வாங்கணும்னு லிஸ்ட் போட்டுக் கொடு, வாங்கிட்டு வரேன்" என்கிற கணவர் கால்மணி நடையை ஏற்றுக்கொள்கிறார். பருப்பு எப்போது தீரும் என்ற முடியாத காரியம் மனைவியிடமே கிடந்து இழுக்கிறது.

எனவே இந்த அத்தியாயத்தைப் படிக்கும் ஆண்களிடம் ஒரு வேண்டுகோள். ஒத்தாசை செய்ய வேண்டாம். ஒரு வேலையை அடியோடு எடுத்துக்கொள்ளுங்கள். இட்லி மாவு என்றால் அரிசி வாங்குவது, ஊறப்போட நினைவு வைப்பது, அரைப்பது, தீர்ந்ததைக் கவனிப்பது முழுவதும் உங்களுடையது. அம்மாவின் மாத்திரை என்றால் டாக்டர் சீட்டு, கடை, வேளை எல்லாம் உங்களுடையது. முதல் இரண்டு மாதம் மாவு புளிக்கும், உப்பு மறக்கும். அப்போது சமையலறைக்குள் வந்து திருத்தாமல் இருப்பது பெண்கள் செய்ய வேண்டிய பங்கு.